பெரியப்பா ஊதாத விசில்

டில்லியில் ஆட்சி மாறிய அதே பங்குனியில்தான் எங்கள் தெருவிலும் ஆட்சி மாறியது. டில்லி விஷயத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். எங்கள் தெரு விஷயத்தை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அன்று நேரில் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேர் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நானும் என் விதமாகத்தான் சொல்லப் போகிறேன். ஆட்சியை இழந்தவர் என் பெரியப்பா என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவுக்கு நாட்டாண்மையாக இருப்பதில் அப்படி என்ன அதிகாரம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தெருதான் அதிகாரம். சேலையின் நீளவாக்கு இழைகள்தான் பாவு; அந்தப் பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டியாக வேண்டும். அவ்வளவு நீள வீடு யாரிடமும் இல்லை. அதனால் விடிகிற நேரத்தில் தெரு நடுவில் இரண்டு பக்கமும் முளை அடித்து, பாவைக் கட்டி, இடையிடையே கழிகளைச் செருகி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, காய்ந்தபிறகு சுருட்டி எடுப்பார்கள். ஒரு காலையில் ஒரு பாவு. மிஞ்சிப் போனால் இரண்டு. நாளைக்கு யார் வீட்டுப் பாவு என்று சொல்கிறவர் நாட்டாண்மை. பாவு நீட்டாமல் தறி ஓடாது, தறி ஓடாமல் அடுப்பு எரியாது. இப்போது புரிந்திருக்கும்.

தெருவின் மேல்கோடியில் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற வீடுகள். கீழ்க்கோடியில் தெலுங்கு பேசுகிற வீடுகள்; அவர்களும் நெசவாளர்கள்தான். மூலையில் சாயக்கார பாய் வீடு. அவர்கள் வீட்டுக்குள் உருது பேசுவார்கள், வாசலுக்கு வந்துவிட்டால் எல்லா மொழியிலும் பேரம் பேசுவார்கள். நாட்டாண்மை மட்டும் எப்போதும் மேல்கோடியில், அதுவும் எங்கள் வீட்டில். எந்தச் சட்டப்படி என்று யாரும் கேட்டதில்லை. முளைகளும் வடக்கயிறும் எங்கள் வீட்டு நடையில்தான் சாத்தி வைத்திருக்கும். அவை அங்கே இருப்பதனால்தான் நாங்கள் நாட்டாண்மை என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களில் சிலரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

எமர்ஜென்சி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பெரியப்பா வாயிலிருந்துதான். ஏதோ நல்ல பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். பஸ் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஆட்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், கடைக்காரன் எடையில் கைவைக்கப் பயப்படுகிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். நாடே ஒழுங்காகும்போது தெரு மட்டும் சும்மா இருக்கலாமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு பித்தளை விசில் வாங்கிவந்தார். போலீஸ்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி, கறுப்புக் கயிறு போட்டது.

விடியற்காலையில் ஒரு ஊதல்: பாவுக்காரர்கள் தெருவுக்கு வரவேண்டும். சாயந்திரம் ஒரு ஊதல்: வாசலில் கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் கலைய வேண்டும். உண்மையைச் சொன்னால் முதல் சில மாதங்கள் தெரு நன்றாகத்தான் இருந்தது. பாவு நடுவில் மாடு புகுவது நின்றது. சாக்கடையில் குழந்தைகளை உட்காரவைப்பது நின்றது. முறைக்காக அடித்துக்கொள்வது அடியோடு நின்றது. பாராட்டாதவர்களே கிடையாது. பாராட்டாமல் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

எனக்கும் அந்த ஆட்சியில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் பம்பில் என் குடம் முதலில் நிறையும். கட்டம் போட்டுச் சில்லு வீசி நொண்டி அடிக்கும் பாண்டி ஆட்டத்தில் நான் கோட்டை மிதித்தால் யாரும் அவுட் சொல்ல மாட்டார்கள். நான் பிரமாதமாக ஆடுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழ்க்கோடியில் ஒருவர் இருந்தார். அவர் பிள்ளைகள் அவரை நைனா என்று கூப்பிட்டதால் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் நைனாதான். மெலிந்த உடம்பு, தணிந்த குரல். அவர் ஒருநாள் பிள்ளையார் கோயில் வாசலில், முறை யாருக்கு என்பதை எல்லோரையும் கேட்டு வைத்தால் நன்றாக இருக்குமே என்று சொல்லிவிட்டார். சண்டையாகச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் சொன்னார். பெரியப்பா சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். அந்த வாரம் நைனாவின் முறை தள்ளிப்போனது. அடுத்த வாரமும் தள்ளிப்போனது. அப்புறம் அது தள்ளிப்போவதே வழக்கமாகிவிட்டது. நைனா பாவு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐயம்பேட்டையில் சொந்தக்காரர்கள் தெருவுக்குப் போய் நீட்டிக்கொண்டு வருவார். போகும்போது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரியப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். சாயக்கார பாய் அதைப் பற்றி என்னவோ முணுமுணுத்தாராம். மறுநாள் முதல் சாயம் போட்ட நூலைத் தெருவில் காயப்போடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இதை நான் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வண்டி பிடிக்க ஓடுகிறவர் அவர்தான். என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துத் திருமுக்கூடலுக்குக் கூட்டிப்போய், மூன்று ஆறு சேர்கிற இடத்தைக் காட்டி, எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று சொல் பார்க்கலாம் என்று மடக்குவார். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போனதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

அப்புறம் ரேடியோவில் ஒருநாள் டில்லி ஆட்சி தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஓட்டு அந்த ஆட்சிக்குச் சாதகமாகத்தான் விழுந்திருந்தது. ஆனாலும் டில்லியில் இருந்தவர்கள் போய்விட்டார்கள், வேறு ஆட்கள் வந்து உட்காரப் போகிறார்கள் என்றார்கள். அப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்து மூன்று மொழிச் செய்தியும் கேட்டார். ஒரு சண்டையும் இல்லை, ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. சாயக்கார பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அம்மாம் பெரிய டில்லியிலயே மாத்திக்கினாங்க. நம்ம தெருவுல ஒரு கயிறும் நாலு முளையும், அத்த மாத்த முடியாதா?"

சாயந்திர விசிலுக்குப் பிறகும் கூட்டம் கலையாமல் நின்றது அன்றைக்குத்தான். பெரியப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கம்பீரமாக நடுவில் வந்து நின்றார். "ஓட்டு வைக்கணுமா? வைங்கப்பா. யாரு வேணாம்னது?" என்றார். தெருவே தன் பக்கம் என்பதில் அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. டில்லியிலும் இப்படித்தான் நம்பி வைத்தார்களாம்.

ஓட்டு வைப்பது என்று முடிவானதும் அடுத்த தகராறு வந்தது. தறிக்கு ஒரு ஓட்டா, ஆளுக்கு ஒரு ஓட்டா? தறியே இல்லாத பாய் வீட்டுக்கு உண்டா? தெருவில் நடக்கிறவர்களுக்கெல்லாம் உண்டு என்றார் நைனா. அப்படியென்றால் மாட்டுக்கும் உண்டா என்று மேல்கோடியில் ஒருவர் கேட்டார். சிரிப்பில் அந்தத் தகராறு அமுங்கிப்போய், பாய் வீட்டுக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. எதைப் போடுவது என்பதற்குத் தார் போடலாம் என்றார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய சின்னக் குச்சிதான் தார். அரக்கு நூல் சுற்றியது பெரியப்பாவுக்கு, பச்சை நூல் சுற்றியது நைனாவுக்கு. பிள்ளையார் கோயிலில் படுதா கட்டி உள்ளே குடம் வைப்பது என்று ஏற்பாடு. தார் சுற்ற வேண்டுமே என்று வீடு வீடாகப் பெண்களிடம் சொன்னபோதுதான் வந்தது வினை. "சுத்தறது நாங்க, போடறது நீங்களா?" என்று கீழ்க்கோடியில் நைனாவின் மனைவி கேட்டாளாம். கேள்வி காற்றைவிட வேகமாக மேல்கோடிக்கு வந்துவிட்டது. எங்கள் அம்மாவும் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படியாகப் பெண்களுக்கும் ஓட்டு வந்தது.

குடத்தைக் கவிழ்த்தபோது பச்சைதான் அதிகமாக இருந்தது. நிறைய இல்லை, கொஞ்சம்தான். பெரியப்பா குனிந்து பார்த்தார். ஒரு பச்சைத் தாரை எடுத்து, சுற்று நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி விரலில் உருட்டினார். சரி என்றார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

பெரியம்மா அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. இரண்டு கோடியையும் சாபம் விட்டாள். நம் வீட்டு ஜனங்களே பச்சை போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவே இல்லை. எதைப் போட்டாய் என்று பின்னாளில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். புளி கரைத்துவிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

முளைகளையும் கயிற்றையும் தரமாட்டார்கள் என்று கீழ்க்கோடியில் பேசிக்கொண்டார்கள். நைனாவின் தம்பி முறைக்கிற ஆள். பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று நாலு பையன்களைச் சேர்த்தாராம். அதற்குள் அப்பாவே எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு போய் நைனா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். பெரியப்பா அனுப்பினாரா, அப்பாவாகப் போனாரா, தெரியாது. விசில் மட்டும் கூடத்து ஆணியில் தொங்கியது. அது தெருச் சொத்து இல்லை, அவர் காசில் வாங்கியது. அதற்குப் பிறகு பெரியப்பா வாசல்பக்கம் வரவே இல்லை. தறியில் உட்கார்வார், சாப்பிடுவார், படுப்பார். எனக்கோ பம்பில் வரிசை வந்துவிட்டது. பாண்டியில் அவுட்டும் வந்துவிட்டது. நைனாவின் கடைசி மகள் என் வயசுக்காரி. கண்ணை இமைக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்சி போனால் இவ்வளவு சங்கடமா என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

நாட்டாண்மையாகி நைனா முதலில் முறை கொடுத்தது பாய்க்கு நூல் காயப்போட. அப்புறம் மேல்கோடியில் இரண்டு வீட்டுக்கு. எல்லாம் முடிந்துதான் தன் பாவை நீட்டினார். அது முகூர்த்தச் சேலைகளுக்கான பாவு. பட்டு முதலாளியுடையது. பாவு கெட்டால் அந்த முதலாளி மறுபடியும் நூல் கொடுக்க மாட்டார், நைனாவின் தறி நின்றுவிடும். அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்களெல்லாம் குளித்துப் பூ வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். சொந்தத் தெருவில் பாவு நீட்டி அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் அந்த நேரம் பெரியம்மா பெரியப்பாவுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பெரியம்மா முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒரு தெளிவு.

"இன்னிக்கு சாமி நம்ம தெரு வழியாத்தான் வருதாம்," என்றாள். "பெரிய வீதில பைப்புக்குத் தோண்டிப் போட்டிருக்குதாமே. நேத்து சாயந்திரம் கோயில் ஆளு வந்து சொல்லிட்டுப் போனாரு."

பங்குனித் திருவிழாவில் காலைப் புறப்பாடு எங்கள் தெருப்பக்கம் பெரும்பாலும் வராது. அபூர்வமாக வந்தால் கோயிலிலிருந்து முன்னாடியே நாட்டாண்மை வீட்டுக்குச் சொல்லியனுப்புவார்கள், அன்றைக்குத் தெருவில் பாவு நீட்ட மாட்டார்கள். கோயில் ஆளுக்கு நாட்டாண்மை வீடு என்றால் எங்கள் வீடுதான். எங்கள் தெருவில் ஓட்டு வைத்த சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "கீழ்க்கோடில சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? அவருதானே நாட்டாமை. கோயில் ஆளு அவரு ஊட்ல போய் சொல்லட்டுமே."

பெரியப்பா பெரியம்மாவைத் திட்டவில்லை. அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்குள் மேளச் சத்தம் கேட்டது. தூரத்தில்தான், ஆனால் சந்தேகமில்லாமல் எங்கள் பக்கம் திரும்புகிற சத்தம். பெரியப்பா எழுந்து ஆணியிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ ஊதப் போகிறார், எல்லோரும் நடுங்கப் போகிறார்கள், பழையபடி ஆகிவிடப் போகிறது என்று பின்னாலேயே ஓடினேன்.

தெருவில் ஒரே கூச்சல். நைனாவின் பாவு நடுத்தெருவில் நெடுக நீண்டு கிடந்தது. அப்போதுதான் கஞ்சி தடவியிருந்தார்கள். ஈரப் பாவைச் சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழ். மேல்கோடி முனையில் குடை தெரிந்தது, சுவாமி தெரிந்தது. புறப்பட்ட சுவாமி பின்னால் திரும்புகிற வழக்கம் கிடையாது. தூக்குகிறவர்கள் தாங்குகட்டை கொடுத்து நிறுத்தினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? நைனா பாவின் நடுவில் நின்றார். கஞ்சி சொட்டுகிற கையை எங்கே துடைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார். அவர் மனைவி பாவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

நைனாவின் தம்பிதான் முதலில் கத்தியவர். "வேணும்னே பண்ணிக்கிறாரு! சேதி இவங்க ஊட்டுக்குத்தான் வந்துகீது. நம்ம குடி கெடணும்னு கம்முனு இருந்துட்டாரு!" கையில் ஒரு முளை இருந்தது. அவர் பின்னால் கீழ்க்கோடிப் பையன்கள். மேல்கோடிப் பையன்களும் சும்மா இல்லை, கிடைத்த கழியைக் கையில் எடுத்தார்கள். அந்தக் காலையில் ஒரு மண்டை உடைந்திருந்தால் எங்கள் தெரு இரண்டு தெருவாகியிருக்கும்.

பெரியப்பாவைப் பார்த்ததும் கூச்சல் அப்படியே அடங்கியது. பழக்க தோஷம்தான். மேல்கோடி ஆட்கள் மட்டுமில்லை, கீழ்க்கோடியில் பச்சை போட்டவர்கள்கூட அவர் கையிலிருந்த விசிலைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். இன்னா பண்றது சொல்லுண்ணா என்று யாரோ கெஞ்சினார்கள். அவர் ஊதி, ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

பெரியப்பா நேராக நைனாவிடம் போனார். தோளில் இருந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். கலெக்டர் ஆபீசுக்குப் போனால்கூடத் துண்டைத் தோளைவிட்டு எடுக்காதவர்.

"சேதி எங்க ஊட்டுக்குத்தான் வந்துச்சு," என்றார். தெரு முழுக்கக் கேட்டது. "உங்ககிட்ட சேக்காம உட்டது என் தப்பு. வேற யாரும் இல்ல, என் தப்பு. இப்ப இன்னா பண்ணட்டும், சொல்லுங்க நாட்டாமைக்காரரே."

அந்தச் சொல்லை அவர் வாயால் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நைனாவின் தம்பி ஓங்கிய முளையை என்ன செய்வது என்று தெரியாமல் கீழே ஊன்றிக்கொண்டார். நைனா பாவையும் சுவாமியையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியப்பா கிட்டே போய்க் குரலைத் தணித்தார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "முளையப் புடுங்கி ஓரமா நகத்திடலாமா? நீங்க சொன்னா நகத்திடலாம்." நைனா தலையாட்டினார். பெரியப்பா விசிலை அவர் கையில் வைத்து மூடினார். பிறகு வேகமாக மேல்கோடி முனைக்கு நடந்து, முளையைப் பிடுங்கி, பாவின் தலைப்பைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைனாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

அப்போது நைனா நாட்டாண்மையானார். கழிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளாக வந்து நில்லுங்கள் என்றார். மேல்கோடி, கீழ்க்கோடி என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. எந்தக் கழி பக்கத்தில் இருந்ததோ அதைப் பிடித்தார்கள். சாயக்கார பாயின் மகன்கள் இரண்டு பேரும் கத்திரிப்பூ நிறக் கைகளோடு நடுவில் ஒரு கழியைப் பிடித்தார்கள். கையைக் கழுவினீங்களா என்று அந்த நேரத்திலும் ஒருத்தி கேட்டாள். எங்கள் அப்பா பிடித்தார், அம்மா பிடித்தாள். கீழ்க்கோடிப் பக்கம் ஒரு கழியில் ஆள் குறைந்தது. எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த பெரியம்மா திடீரென்று இறங்கி ஓடினாள். நைனாவின் மனைவிக்கு எதிரே அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையை எடுத்துத் துடைக்க முடியாதே, அப்படியே நின்றாள்.

எல்லோரும் ஒரே சமயத்தில் நகர வேண்டும். ஒருவர் முந்தினாலும் பாவு பிசகும். நைனா விசிலை வாயருகே கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, அதை மடியில் செருகிக்கொண்டு, நாங்கள் அதுவரை கேட்டிராத உரத்த குரலில் "எத்தண்டி!" என்று கத்தினார். பதற்றத்தில் சொந்தத் தெலுங்கு வந்துவிட்டது. தூக்குங்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் அந்த மொழியில் உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. முதலில் தூக்கியது மேல்கோடி முனையில் நின்ற பெரியப்பா. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் பாவு மொத்தமும் எழுந்தது. அப்படியே அடிமேல் அடி வைத்து ஓரத்துக்கு நகர்ந்து, சுவரையொட்டி ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

சுவாமி வந்தார். அவ்வளவு பக்கத்தில் நான் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாலை உரசுகிற தூரம்தான். ஒருவர் கையும் கும்பிட எழவில்லை, எல்லாக் கையும் கழியில் இருந்தது. குருக்கள் யார் எவர் என்று பார்க்காமல் வரிசையாக எல்லோர் நெற்றியிலும் விபூதி இட்டுக்கொண்டே போனார். பாய் மகன்களில் சின்னவன் பேந்தப் பேந்த விழித்தான்.

பாவு பிழைத்தது. சில இழைகள் அறுந்திருந்தன. பெரியம்மாவும் நைனாவின் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து அவற்றை முடிந்து கொடுத்தார்கள். அன்று சாயந்திரமே நைனா எங்கள் வாசலுக்கு வந்தார். நாளைக்கு உங்கள் பாவு என்று பெரியப்பாவிடம் சொன்னார். தன் முறை கடைசியில்தான் வரும், வந்தாலும் வரும் என்று பெரியப்பா நினைத்திருப்பார் போலிருக்கிறது. நாளைக்கேவா என்று இரண்டு தடவை கேட்டார். விசில் பிறகு நைனாவின் தம்பி வீட்டுக் குழந்தைக்குப் போனது. அது நாள் முழுக்க ஊதியது, தெருவில் ஒருவரும் கலையவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. சேதி வந்தது பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தது பெரியம்மாவுக்கு. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்லி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நேற்றுவரை தன்னைக் கண்டு ஒதுங்கி நடந்தவரிடம் போய் என்ன செய்யட்டும் என்று கேட்பதா? அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நைனா போனதும் பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"ஏன் பொய் சொன்னீங்க? நீங்க ஊதியிருந்தா எல்லாரும் கேட்டிருப்பாங்க இல்ல?"

பெரியப்பா என் தலையில் கையை வைத்தார். உள்ளங்கையில் இன்னும் கஞ்சி வாசனை இருந்தது.

"கேட்டிருப்பாங்கம்மா," என்றார். "அதான் ஊதல."

இதெல்லாம் ஒரு பதிலா? தோற்றுப்போனவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அவர் கையைத் தட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன். தெரு நடுவில், காலையில் பாவு இருந்த இடத்தில், பிள்ளைகள் கட்டம் போட்டிருந்தார்கள். என் முறை வந்தது. சில்லை வீசி நொண்டியடித்துப் போனேன். மூன்றாவது கட்டத்தில் கட்டைவிரல் கோட்டில் பட்டது. எனக்கே தெரிந்தது. அவுட் என்றாள் நைனாவின் மகள். இல்லை என்றேன். எல்லோரும் பார்த்தோம் என்றார்கள். யார் என்ன சொன்னாலும் சரி என்று, இருட்டி அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகும்வரைக்கும், அந்தக் கட்டத்தை விட்டு நான் இறங்கவே இல்லை.